கோல் போட்டால் கைதட்டல்... தேர்தலில் நின்றால்? - ஓர் அமெரிக்க நகரமும் அகதிப் பிள்ளைகளும்!

2015-ம் ஆண்டு, நவம்பர் 7. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதிப் போட்டி. லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி ஒரு பக்கம், ஸ்கார்பரோ பள்ளி மறுபக்கம். ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். அதை அடித்தது லூயிஸ்டன்.

அந்தப் பள்ளிக்குக் கால்பந்தில் கிடைத்த முதல் மாநிலப் பட்டம் அதுதான். அந்த சீசன் முழுக்க அவர்கள் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. அடித்த கோல்கள் 113. வாங்கியவை வெறும் 7!

அணியில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். சோமாலியாவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி, கென்யாவின் அகதி முகாம்களில் வருடக்கணக்கில் காத்திருந்து, அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள். கந்தலையும் பிளாஸ்டிக் பையையும் சுற்றிக் கட்டிய பந்தை முகாம் புழுதியில் உதைத்து வளர்ந்த தலைமுறை அது. அன்று ஊரே அவர்களை 'நம்ம பசங்க' என்று கொண்டாடியது.

இந்த இடத்தில் காலண்டரை நான்கு நாள் பின்னால் புரட்டினால், இன்னொரு காட்சி தெரியும். நவம்பர் 3 அன்று அதே ஊரில் மேயர் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடந்தது. அந்தத் தேர்தலில் நின்ற பென் சின் என்பவரின் தாத்தா சீனாவிலிருந்து குடியேறியவர். அவரை இனரீதியாகக் கேலி செய்யும் பெரிய விளம்பரப் பலகைகள் நகரக் கட்டடங்களில் தொங்கின. அப்போது மேயராக இருந்த ராபர்ட் மெக்டொனால்ட், அரசு உதவித்தொகை வாங்குபவர்களின் பெயர்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று அந்த செப்டம்பரில்தான் சொல்லியிருந்தார். நவம்பரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், டிசம்பரில் இரண்டாம் சுற்று நடந்தது. மெக்டொனால்டே மீண்டும் ஜெயித்தார்.

ஒரே ஊர். ஒரே பருவம். மைதானத்தில் கைதட்டல், தெருவில் கேலிப் பலகை. 'கோல் போட்டால் கைதட்டுகிற ஊர், தேர்தலில் நின்றால் ஓட்டும் போடுமா?' என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

முகமது அலி சண்டை போட்ட ஊர்!

லூயிஸ்டனுக்கு விளையாட்டு வரலாற்றில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1965-ம் ஆண்டு மே 25 அன்று முகமது அலியும் சோனி லிஸ்டனும் இரண்டாவது முறையாக மோதியது இந்தச் சின்ன ஊரில்தான். முதல் சுற்றிலேயே லிஸ்டன் சாய்ந்து கிடக்க, அவர் தலைக்கு மேலே நின்று அலி சீறும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் இங்கே எடுக்கப்பட்டதுதான்.

மற்றபடி இது மில் தொழிலாளர்களின் ஊர். ஆண்ட்ராஸ்காகின் ஆற்றங்கரையில் துணி மில்கள் வரிசையாக எழுந்தபோது, கனடாவின் கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் ரயிலேறி வந்து குடியேறின. அவர்களையும் அன்று யாரும் பூரணகும்பம் வைத்து வரவேற்கவில்லை. பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்று 1919-ல் மெய்ன் மாநிலம் சட்டம் போட்டது. 1920-களில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான், கத்தோலிக்கர்களான அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக மாநிலம் முழுக்க ஊர்வலம் போனது.

பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினார்கள். நகரின் நடுப்பகுதியில் வீடுகள் காலியாகக் கிடந்தன.

2001-ம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் சோமாலியக் குடும்பங்கள் வந்தன. பலரையும் அமெரிக்க அரசு முதலில் குடியமர்த்தியது வேறு பெரிய நகரங்களில்தான். வாடகை குறைவு, பிள்ளைகளுக்குப் பள்ளி நன்றாக இருக்கும், தெருவில் பயமில்லாமல் நடக்கலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு, உறவுக்கு உறவு தகவல் போய், அவர்களாகவே லூயிஸ்டனைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள்.

அடுத்த ஆண்டே சிக்கல் தொடங்கியது. 2002 அக்டோபரில், அன்றைய மேயர் லாரியர் ரேமண்ட் சோமாலியப் பெரியவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நகரத்தால் இதற்கு மேல் தாங்க முடியாது, இனி வர நினைக்கும் உங்கள் ஆட்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். அப்போது ஊரில் இருந்த சோமாலியர்கள் ஆயிரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தக் கடிதம் நாடு முழுக்கச் செய்தியானது. 2003 ஜனவரியில் ஒரு வெள்ளை இனவெறிக் கும்பல் லூயிஸ்டனுக்கு வந்து கூட்டம் போட்டது. அதில் சேர்ந்தவர்கள் சில டஜன் பேர். அதே நாளில், அதை எதிர்த்து அங்குள்ள பேட்ஸ் கல்லூரியில் கூடியவர்கள் 4,000 பேருக்கு மேல்!

அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2006-ல், தொழுகை நடந்துகொண்டிருந்த மசூதிக்குள் பன்றியின் தலை உருட்டிவிடப்பட்டது. இந்த நிலையில்தான் அந்தப் பையன்கள் பள்ளி மைதானத்துக்கு வந்தார்கள்.

கோச் செய்த வேலை

லூயிஸ்டன் பள்ளியின் கால்பந்து கோச் மைக் மெக்ரா. 1980-களில் இருந்து அதே பள்ளியில் பயிற்சி கொடுத்தவர். அந்த ஊரில் ஐஸ் ஹாக்கிதான் ராஜா. கால்பந்தை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. திடீரென்று நகரின் நடுவே இருக்கும் கென்னடி பூங்காவில், காலில் பந்து ஒட்டிக்கொண்டது போல ஆடும் பையன்கள் வந்து நின்றால், எந்த கோச்சுக்குத்தான் ஆசை வராது?

ஆனால், திறமை இருப்பதும் அணியாக ஆடுவதும் வேறு வேறு. ஒரே உடை அணிந்தாலும், மொழி வேறு, சாப்பாடு வேறு, தொழுகை நேரம் வேறு. அந்தப் பையன்களுக்குத் தெரிந்த சுவாஹிலி மொழியிலிருந்தே அணிக்கு ஒரு முழக்கம் கிடைத்தது. 'பமோஜா ண்டுகு'. 'சேர்ந்தே நிற்போம், சகோதரர்களே' என்று பொருள். வெள்ளைக்காரப் பையன்களும் அதையே முழங்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். 2014-ல் இறுதிப் போட்டி வரை வந்து தோற்ற அணி, அடுத்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது. இந்தக் கதையை எமி பாஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 2018-ல் புத்தகமாகவே எழுதினார்.

பள்ளிக்கு வெளியேயும் ஒரு வேலை நடந்தது. முகாமிலிருந்து வந்த சோமாலி பாண்டு சமூகத்து இளைஞர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை நடத்தினார்கள். தங்களைவிடச் சிறிய பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வெற்றியையும் கோப்பையையும்தான் பார்க்கிறோம். ஆனால், அகதிகள் வாழும் ஊரில் கோச்சின் வேலை விசிலோடு முடிவதில்லை. பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை என்றால் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பள்ளிப் படிவத்தை விளக்க வேண்டும். இரவுப் பணிக்குப் போகும் அப்பாவிடம் வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். மார்க் குறைந்தால் ஆசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். நாலைந்து வருடம் இப்படி அலைந்தவருக்கு, எந்த வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பது அத்துப்படி.

யோசித்துப் பார்த்தால், ஒரு நல்ல வார்டு கவுன்சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டியவையும் இவைதானே!

மைதானத்திலிருந்து தேர்தலுக்கு

அகதியாக வந்து, விளையாட்டில் பெயர் வாங்கி, பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிக்கு வந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். யெச் புர் பியேல் தெற்கு சூடானில் பிறந்தவர். 2005-ல் போரிலிருந்து தப்பி, கென்யாவின் ககுமா முகாமுக்கு வந்தபோது அவருக்கு வயது 10. 2016 ரியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக அகதிகளுக்கென்று ஓர் அணி இறங்கியது. மொத்தம் 10 பேர். அதில் 800 மீட்டர் ஓட்டத்தில் ஓடியவர் புர் பியேல். முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார். ஆனால், 2022 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் அகதி அவர்தான்.

லுவோல் டெங் கதை இன்னும் சுவாரஸ்யம். சூடானிலிருந்து எகிப்துக்கு அகதியாகப் போய், அங்கிருந்து லண்டனுக்குக் குடும்பத்தோடு வந்து, அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்தில் நட்சத்திரமானவர். ஓய்வுக்குப் பிறகு, 2019-ல் தெற்கு சூடான் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். தலைவர் நாற்காலியோடு நிற்காமல், பயிற்சியாளராகவும் அணியோடு உட்கார்ந்தார். 2011-ல் பிறந்த அந்த நாட்டின் அணி, 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை வந்து, முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவை வென்றது.

இந்த இரண்டும் பெரிய வெற்றிகள். ஆனால், இரண்டிலும் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளையாட்டு உலகத்தைச் சேர்ந்தவர்கள். திறமையை அறிந்தவர்கள். ஓர் ஊரின் உள்ளாட்சித் தேர்தல் அப்படியல்ல. அங்கே ஓட்டுப் போடுபவர் பக்கத்து வீட்டுக்காரர். நீங்கள் எத்தனை கோல் போட்டீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. தன் வீட்டு வரியை உங்கள் கையில் நம்பிக் கொடுக்கலாமா என்றுதான் பார்ப்பார்.

அதற்கு முன் இன்னொரு தடையும் இருக்கிறது. அகதியாக வந்தவுடன் ஓட்டுரிமை வந்துவிடாது. அமெரிக்காவில், வந்து ஓராண்டு முடிந்ததும் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து ஆண்டுகள் ஆனபிறகு, ஆங்கிலத்திலும் அந்த நாட்டின் வரலாறு, அரசமைப்பு பற்றியும் தேர்வு எழுதித் தேறினால்தான் குடியுரிமை. அதற்குப் பிறகுதான் ஓட்டும், வேட்புமனுவும்.

சஃபியாவின் வார்டு

லூயிஸ்டனில் அந்தத் தடையைத் தாண்டி வந்தவர் சஃபியா காலித். இவர் கால்பந்து வீராங்கனை அல்ல. ஆனால், கோப்பை வென்ற அந்தப் பையன்களின் தலைமுறைதான். சோமாலியாவில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா வந்தவர். கல்லூரியில் உளவியல் படித்தவர். 2019-ல், தன் 23-வது வயதில், லூயிஸ்டன் நகர மன்றத்தின் முதல் வார்டுக்குப் போட்டியிட்டார்.

பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் இணையத்தில் வசவு மழை கொட்டியது. லூயிஸ்டன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத, வெளிமாநிலத்து ஆட்களெல்லாம் திட்டினார்கள். அவருடைய வீட்டு முகவரியைப் பொதுவெளியில் போட்டார்கள். ஒரு வார்டு கவுன்சிலர் பதவிக்கு நின்ற 23 வயதுப் பெண்ணுக்கு!

சஃபியா ஃபேஸ்புக்கை ஓரமாக வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். திட்டியவர்களில் பலருக்கு அந்த வார்டில் ஓட்டே இல்லை. ஓட்டு வைத்திருந்தவர்களோ கதவைத் திறந்து, எதிரே நின்ற பெண்ணைப் பார்த்துப் பேசினார்கள். நவம்பர் 5 அன்று முடிவு வந்தபோது, ஏறக்குறைய 70 சதவிகித வாக்குகளுடன் அவர் ஜெயித்திருந்தார். நகர மன்றத்துக்கு வந்த முதல் சோமாலிய அமெரிக்கர்.

சோமாலியக் குடும்பங்கள் ஊருக்கு வந்தது 2001-ல். ஊர் அவர்களில் ஒருவரைத் தனக்காகப் பேசச் சொன்னது 2019-ல். இடையில் 18 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, ஓட்டுப்போடும் வயதை அடையும் காலம்!

பிறகு கதவுகள் கொஞ்சம் வேகமாகத் திறந்தன. 2021 டிசம்பரில், அதே மாநிலத்தின் சவுத் போர்ட்லாந்து நகர மேயரானார், சோமாலியாவில் பிறந்த டெக்கா தலாக். 2022-ல் அவரும், லூயிஸ்டனைச் சேர்ந்த மானா அப்தியும் மெய்ன் மாநில சட்டமன்றத்துக்கே தேர்வானார்கள்.

ஒரு கவுன்சிலர் சீட்டுக்கா இவ்வளவும்?

'ஒரு வார்டு மெம்பர் பதவியில் என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். லூயிஸ்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. மில் காலத்தில் கட்டிய பழைய அடுக்கு வீடுகளில் அந்தக் காலத்து ஈயப் பெயின்ட் இன்னும் இருக்கிறது. அது உரிந்து, தூளாகி, தவழும் குழந்தைகளின் கையிலும் வாயிலும் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மெய்ன் மாநிலத்தில் இந்தப் பிரச்னை அதிகமாக இருக்கும் இடங்களில் லூயிஸ்டன் ஒன்று. வாடகை குறைவு என்று அந்த வீடுகளில் குடியிருப்பவர்களில் அகதிக் குடும்பங்கள் நிறைய.

அந்த வீடுகளைச் சோதிக்க வேண்டுமா, வீட்டு உரிமையாளரைச் சரிசெய்யச் சொல்ல வேண்டுமா, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் நாட்டின் அதிபர் வந்து முடிவு செய்வதில்லை. ஊரின் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பங்கு அதில் பெரியது. பனியை எந்தத் தெருவில் முதலில் அள்ளுவது, பூங்காவில் பிள்ளைகள் ஆட இடம் உண்டா இல்லையா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அந்த வீட்டில் வாழ்ந்த ஒருவர் அந்த மேஜையில் இருந்தால் பேச்சு ஒரு மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மைதானத்துக் கைதட்டலில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஜெயிக்கும்வரை 'நம்ம பையன்'. தோற்றால்? காயம்பட்டு உட்கார்ந்தால்? படிப்பு முடிந்து, சாதாரண வேலைக்குப் போய், வரி கட்டி, 'எங்கள் தெருவுக்கு இது வேண்டும்' என்று கேட்டால்? அப்போதும் அதே ஊர் அதே சிரிப்போடு காது கொடுக்குமா? 2015-ல் லூயிஸ்டன் அதற்குத் தெளிவான பதில் சொல்லவில்லை. 2019-ல் ஒரு வார்டு சொன்னது. ஒரே ஒரு வார்டுதான் என்றாலும், சொன்னது.

அந்தப் பதிலை வாங்கித் தந்தது கோப்பை மட்டும் இல்லை. முழக்கத்தைக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரப் பையன்கள், கதவைத் தட்டிய பயிற்சியாளர்கள், குளிர்நாளில் 4,000 பேராகக் கூடிய ஊர்க்காரர்கள், இரவுப் பாடம் படித்துக் குடியுரிமைத் தேர்வு எழுதிய அம்மாக்கள் என்று எத்தனையோ பேர் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்து நம் தெருவில் வளரும் பிள்ளை மெடல் வாங்கினால் ஸ்டேட்டஸில் போட்டுக் கொண்டாட நமக்கெல்லாம் ஒரு நிமிடம் போதும். அதே பிள்ளை பத்து வருடம் கழித்து நோட்டீஸோடு வாசலில் வந்து நின்றால், கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். கைதட்டலைவிட அந்தப் பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவது அந்தக் கேள்விதான்!